யாருக்கு முதல் பந்தி? கம்ப்யூட்டருக்குள் ஒரு வரிசைச் சண்டை

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களிடம் இருந்து நான் அடிக்கடி கேட்கும் புகார் இது: "ஒரு வேலை மட்டும் செஞ்சா நல்லா ஓடுது. ரெண்டு சேர்ந்தா திக்குது." சமீபத்தில் ஏலகிரிக்குப் போயிருந்தபோது என் மாமாவும் இதையேதான் சொன்னார்.

மாமா ஆம்பூரில் ஒரு டேனரியின் ஃபினிஷிங் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இப்போது அத்தனாவூரில் வீடு. பேத்தியின் காதுகுத்து வீடியோவைச் சிறிய பைலாக மாற்ற கன்வெர்ட்டர் புரோகிராமை ஓடவிட்டு, அதே நேரத்தில் துபாயில் இருக்கும் மகனுடன் வீடியோ காலில் பேசுவார். மகன் முகம் பாதியிலேயே உறைந்துவிடும். கடையில் கேட்டதற்கு, ராம் போதாது, இன்னொன்று போடவேண்டும் என்றார்களாம். "பணம் எடுத்து வெச்சுட்டேன் தம்பி. வாங்கிடலாமா?" என்றார்.

கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். ராமில் பாதிக்குமேல் காலியாக இருந்தது. சிபியு மட்டும் நூறு சதவீதம். அப்படியானால் பிரச்சினை ராமில் இல்லை. புராசஸரின் நேரத்தை யாருக்கு எவ்வளவு கொடுப்பது என்பதில் இருக்கிறது.

இந்தப் பங்கீட்டைச் செய்வது ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்குள் இருக்கும் ஷெட்யூலர். மாமாவின் கம்ப்யூட்டரில் நான்கு கோர்கள். ஓடிக்கொண்டிருந்ததோ நூற்றுக்கும் மேற்பட்ட புராசஸ்கள். ஒரு கோர் ஒரு சமயத்தில் ஒரு வேலையைத்தான் செய்யும். அதனால் ஷெட்யூலர் ஒவ்வொன்றுக்கும் கொஞ்ச நேரம் கொடுத்து, நிறுத்தி, அடுத்ததைக் கூப்பிடுகிறது. இந்த மாற்றம் கண்ணிமைக்கும் நேரத்தில் பலமுறை நடப்பதால் எல்லாம் ஒரே சமயத்தில் ஓடுவதுபோல் நமக்குத் தெரிகிறது.

மாமாவுக்கு இதைப் புரியவைக்க நான் திணறியபோது அவரே ஒரு உதாரணம் சொன்னார். தோலுக்குச் சாயம் அடிக்கும் ஸ்ப்ரே மிஷின் ஒன்றுதான் இருக்கிறது. ஆயிரக்கணக்கான கறுப்புத் தோல் ஒரு பெரிய லாட்டாக நிற்கிறது. அந்த நேரத்தில் பையர் அவசரமாகப் பிரவுன் கலரில் இரண்டே இரண்டு சாம்பிள் கேட்கிறார். லாட் முடியட்டும் என்றால் பையர் போய்விடுவார். நடுவில் நிறுத்தினால் கன், பைப் எல்லாம் கழுவிக் கலர் மாற்றவேண்டும். அந்த நேரம் வீண். அடிக்கடி மாற்றினால் நாள் முழுக்கக் கழுவிக்கொண்டே இருக்கவேண்டியதுதான்!

இதைவிட நன்றாக எங்கள் காலேஜில்கூட யாரும் சொல்லித்தரவில்லை. ஒரு புரோகிராமை நிறுத்தி அடுத்ததை ஏற்றுவதற்கும் இப்படி ஒரு கூலி உண்டு. மாற்றுவதற்குச் சில மைக்ரோ விநாடிகள்தான். ஆனால் புதிதாக வந்த புரோகிராமுக்கு வேண்டிய தகவல்கள் புராசஸரின் கேஷ் மெமரியில் இருக்காது. அவற்றை மறுபடி எடுத்துவர வேண்டும். நீண்ட நேரம் கொடுத்தால் மொத்த வேலை சீக்கிரம் முடியும்; ஆனால் மவுஸ் திக்கும். குட்டிக் குட்டியாகப் பிரித்துக் கொடுத்தால் எல்லாம் சுறுசுறுப்பாகத் தெரியும். ஆனால் மொத்த வேலை தாமதமாகும். இரண்டையும் ஒருசேரத் தரும் ஷெட்யூலர் இதுவரை வரவில்லை.

விண்டோஸ் எப்படிச் செய்கிறது? அதில் 0 முதல் 31 வரை முன்னுரிமைப் படிகள் உண்டு. மேல்படியில் இருப்பவருக்கே முதல் பந்தி. ஒரே படியில் இருப்பவர்கள் முறைவைத்து ஓடுவார்கள். வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு முறைக்குச் சாதாரணமாக 31 மில்லி விநாடி. நீங்கள் முன்னால் திறந்து வைத்திருக்கும் விண்டோவின் புரோகிராமுக்கு அதைப்போல மூன்று மடங்கு. சர்வர்களுக்கான விண்டோஸில் எல்லோருக்கும் சுமார் 188 மில்லி விநாடி. அங்கே மவுஸை யாரும் ஆட்டுவதில்லை, மொத்த வேலைதான் முக்கியம்.

மாமா செய்த தவறு இங்கேதான். எத்தனை சதவீதம் முடிந்தது என்று பார்ப்பதற்காக கன்வெர்ட்டரை முன்னால் வைத்துக்கொண்டு, மகனைப் பின்னால் தள்ளிவிட்டார். அவர் பார்க்கப் பார்க்க அதுவே அதிகம் சாப்பிட்டது.

லினக்ஸில் இந்தச் சண்டை வெளிப்படையாகவே நடந்தது. பழைய ஷெட்யூலர், எந்தப் புரோகிராம் அதிக நேரம் தூங்குகிறது என்று பார்த்து, அதுதான் மனிதர் பயன்படுத்துவது என்று ஊகித்தது. ஊகம் தப்பினால் பாட்டு விட்டுவிட்டுக் கேட்கும். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த கான் கொலிவாஸ் தொழிலில் மயக்க மருந்து டாக்டர், இன்ஜினியர் அல்ல. 2007-ல் அவர், ஊகமே வேண்டாம், நியாயமாகப் பங்கிட்டால் போதும் என்று ஒரு ஷெட்யூலர் எழுதிக் காட்டினார். அதே ஆண்டு ஏப்ரலில் இங்கோ மோல்னார் இதே கருத்தில் சிஎஃப்எஸ் என்பதை எழுதினார். அக்டோபரில் லினக்ஸில் சேர்ந்தது மோல்னாருடையதுதான். கொலிவாஸ் மனம் வெறுத்து ஒதுங்கிக்கொண்டார். எனக்கு இன்னும் அது வருத்தம்தான்.

சிஎஃப்எஸ் வைத்திருப்பது ஒரு கணக்கு நோட்டு. யார் இதுவரை குறைவாக ஓடினாரோ அவருக்கே அடுத்த முறை. இதிலும் ஒரு ஓட்டை. ஒருவர் பத்து புரோகிராம், இன்னொருவர் ஒன்று ஓடவிட்டால், முதலாமவருக்குப் பதினொன்றில் பத்து பங்கு போய்விடும். ஆளுக்குப் பாதி கிடைக்கும்படி குழுவாகப் பங்கிடும் வசதியைச் சேர்த்தவர், பெங்களூரில் ஐபிஎம்மில் இருந்த ஸ்ரீவத்சா வட்டகிரி. ஏலகிரி அடிவாரத்து ஜோலார்பேட்டையில் ரயிலேறினால் போய்ச்சேரும் அதே பெங்களூர்தான்.

நியாயமான பங்கு கிடைத்தாலும், உடனே கிடைக்குமா என்பது வேறு கேள்வி. வீடியோ காலுக்குத் தேவை கொஞ்சம்தான், ஆனால் தாமதம் கூடாது. கன்வெர்ட்டருக்கு நிறைய வேண்டும், ஆனால் காத்திருக்கும். இந்த வேறுபாட்டைக் கெடு வைத்துக் கவனிக்கும் இஇவிடிஎஃப் முறை, 2023 அக்டோபரில் வந்த லினக்ஸ் 6.6-ல் இடம் பிடித்தது. அதன் அடிப்படைக் கணக்கு 1995-லேயே எழுதப்பட்டது!

மாமாவின் கம்ப்யூட்டருக்கு வருவோம். டாஸ்க் மேனேஜரில் டீடெய்ல்ஸ் பகுதிக்குச் சென்று, கன்வெர்ட்டரின் பெயர்மேல் ரைட் க்ளிக் செய்து, செட் பிரயாரிட்டியில் பிலோ நார்மல் என்பதைத் தேர்ந்தெடுத்தேன். அவ்வளவுதான். மகனின் முகம் அசைய ஆரம்பித்தது. வீடியோ மாற்றம் முடியக் கொஞ்சம் கூடுதல் நேரமாயிற்று. அதைப் பற்றி யாருக்கு என்ன கவலை? ராம் வாங்க வைத்திருந்த பணம் பீரோவுக்கே திரும்பியது.

அதே பட்டியலில் ரியல்டைம் என்று ஒன்று இருக்கும். ஆசைப்பட்டு அதைத் தொடாதீர்கள். புராசஸரை விடாமல் கேட்கும் புரோகிராமுக்கு அதைக் கொடுத்தால், மவுஸுக்கும் கீபோர்டுக்கும்கூட முறை வராமல் கம்ப்யூட்டரே நின்றுபோகலாம். இன்னொன்று: புரோகிராமை மூடித் திறந்தால் நீங்கள் செய்த மாற்றம் போய்விடும், ஒவ்வொரு முறையும் மறுபடி செய்யவேண்டும். மாமா இதை ஒரு காகிதத்தில் எழுதி மானிட்டர் ஓரத்தில் ஒட்டி வைத்திருக்கிறார்.