நகருக்குள் ஒரு நெடும்பாதை

சிங்கப்பூரின் மேற்கே உள்ள ஜூரோங் ஏரித் தோட்டத்திலிருந்து வடகிழக்கே உள்ள கோனி தீவு வரை நடந்தே செல்லலாம். 36 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதை 2019ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. ‘கரையிலிருந்து கரைக்கு’ என்பது அதன் பெயரின் பொருள். மேற்கு முனையில் இருப்பது கடற்கரை அன்று, ஏரிக்கரைதான். ஆனாலும் பெயரில் குறை காண வேண்டியதில்லை. வரைபடத்தில் பார்த்தால், யாரோ ஒருவர் ஒரே இழுப்பில் வரைந்த கோடுபோல அந்தப் பாதை தோன்றும். உண்மையில், தனித்தனியே இருந்த பூங்காக்களையும் கால்வாய்க் கரைகளையும் சாலையோர நடைபாதைகளையும் ஒன்றோடொன்று இணைத்து அதை உருவாக்கினார்கள்.

காட்டிலோ மலையிலோ நெடும்பாதை அமைப்பவர் நிலத்தின் ஏற்ற இறக்கத்தைப் பார்த்து வழி வகுப்பார். நகரில் அமைப்பவருக்கு அதற்கு முன்பே வேறொரு கேள்வி காத்திருக்கிறது. நடப்பதற்கு இடம் எங்கே? வீடுகள், பள்ளிகள், தொழிற்பேட்டைகள், விரைவுச்சாலைகள் என்று ஒவ்வோர் அடி நிலத்துக்கும் ஏற்கெனவே ஒரு வேலை இருக்கிறது. பாதைக்காக ஒரு வரிசை வீடுகளை இடிக்கவும் முடியாது.

இதற்கு ஒரு நல்ல வழி கண்டுபிடிக்கப்பட்டது. பெரிய கால்வாய்களைத் தூய்மைப்படுத்தவும் பழுதுபார்க்கவும் வண்டிகள் வந்துபோக வேண்டும் அல்லவா? அதற்காகக் கால்வாய் ஓரங்களில் குறுகிய நிலத்தை ஒதுக்கி வைத்திருந்தார்கள். ஆண்டில் பெரும்பாலான நாள்கள் அது சும்மாவே கிடக்கும். 1990களில் பூங்கா இணைப்புப் பாதைகள் உருவாகத் தொடங்கியபோது இந்த ஒதுக்கு நிலம்தான் பெரிதும் கைகொடுத்தது. ஒரே நிலம் இரண்டு வேலைகளைச் செய்தது. இன்று இப்பாதைகளின் மொத்த நீளம் 300 கிலோமீட்டருக்கும் மேல்.

இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு, பழைய மலாயா ரயில் பாதை. 1903ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் ரயில் ஓடத் தொடங்கியது. 1932ஆம் ஆண்டில் பாதை மாற்றியமைக்கப்பட்டு, தஞ்சோங் பகாரில் புதிய நிலையம் திறக்கப்பட்டது. ஏறக்குறைய எண்பது ஆண்டுகளுக்குப் பிறகு, 2011ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் தேதி இரவு அந்த நிலையத்திலிருந்து கடைசி ரயில் புறப்பட்டது. ஜொகூர் சுல்தானே அதை ஓட்டிச் சென்றார். பின்னர் தண்டவாளங்கள் அகற்றப்பட்டன. தெற்கே தஞ்சோங் பகாரிலிருந்து வடக்கே உட்லண்ட்ஸ் வரை, ஏறத்தாழ 24 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு பச்சைக் கீற்று மட்டும் எஞ்சியது.

அந்த நிலத்தை என்ன செய்வது? மதிப்பு மிக்க இடங்களின் ஊடே செல்லும் நிலம் அது. துண்டு துண்டாகப் பிரித்துக் கட்டடங்கள் கட்டியிருக்கலாம். ஆனால், ரயில் நிற்பதற்கு முன்பே, 2010ஆம் ஆண்டில், சிங்கப்பூர் இயற்கைச் சங்கம் ஒரு யோசனையை முன்வைத்தது. பாதையை அறுக்காமல் முழுமையாகக் காக்க வேண்டும். அதைப் பசுமை வழியாக மக்களுக்கு விட வேண்டும் என்பதே அந்த யோசனை. பொதுமக்கள் பலரும் அதை ஆதரித்தனர். அரசாங்கமும் அந்த வழித்தடத்தின் தொடர்ச்சியைக் காக்க முன்வந்தது. ‘தொடர்ச்சி’ என்ற சொல்லைக் கவனியுங்கள். 24 கிலோமீட்டர் பாதையின் நடுவில் நூறு மீட்டர் அகலத்துக்கு ஒரு கட்டடம் வந்தால் போதும். நெடும்பாதை இரண்டு குறும்பாதைகளாகிவிடும். பூங்கா ஒன்றின் ஒரு மூலையை இழந்தால் மற்றப் பகுதி பூங்காவாகவே இருக்கும். பாதைக்கு அந்த வசதி இல்லை. ஒருமுறை அறுபட்டால், மீண்டும் இணைப்பதற்கு நிலமும் கிடைக்காது.

ரயிலுக்காகப் போட்ட பாதை நடப்பவருக்கு ஏன் இவ்வளவு நன்றாகப் பொருந்துகிறது? கனமான ரயில் வண்டியால் செங்குத்தான மேட்டில் ஏற முடியாது. அதனால் மேடுகளை வெட்டியும் பள்ளங்களை நிரப்பியும் அன்றைய பொறியாளர்கள் சரிவை மிகவும் குறைத்திருந்தார்கள். இன்று முழங்கால் வலியுள்ள தாத்தா ஒருவர் அங்கே மூச்சு வாங்காமல் நடக்கிறார் என்றால், அதற்கு அந்தப் பழைய வேலையும் ஒரு காரணம். மேலும், ரயில் போக்குவரத்து விளக்குக்காக நிற்காது. ஆகவே புக்கிட் தீமா சாலை, அப்பர் புக்கிட் தீமா சாலை போன்ற பெரிய சாலைகளை அது இரும்புப் பாலங்களின்மீது கடந்தது. அப்பாலங்கள் இன்றும் இருக்கின்றன. நடப்பவர்கள் சாலையில் இறங்காமலே மறுபக்கம் செல்லலாம். வடபகுதியில் மட்டும், முன்பு ரயில்வே கேட் இருந்த இடங்களில் சாலையை நேரடியாகக் கடக்க வேண்டியிருக்கிறது.

இந்தப் பாதையில் தமிழர்களின் உழைப்பும் கலந்திருக்கிறது. ரயில்வேயில் வேலை செய்த இந்தியத் தொழிலாளர்கள் 1930களில் குவீன்ஸ்வே அருகே, தண்டவாளத்தை ஒட்டி, முனியாண்டி கோயில் ஒன்றை அமைத்தார்கள். அதுவே இன்று காமன்வெல்த் டிரைவில் ஸ்ரீ முனீஸ்வரன் கோயிலாக வளர்ந்து நிற்கிறது.

கால்வாய்க் கரைப் பாதைகள் ரயில் பாதையைப் போல அவ்வளவு எளியவை அல்ல. கால்வாய் ஒரு சாலையின் அடியில் செல்லும்போது, கரையில் நடப்பவர் என்ன செய்வது? மேலே ஏறிச் சாலையைக் கடக்கலாம். அல்லது பாலத்தின் அடியில் தாழ்வாக ஒரு வழி அமைக்கலாம். இரண்டாவது வழி வசதியானதுதான். ஆனால், கனமழை பெய்தால் கால்வாயில் நீர் மளமளவென்று உயரும். தாழ்வான வழி சில நிமிடங்களிலேயே மூழ்கலாம். காலாங் ஆறு ஓடும் பீஷான் அங் மோ கியோ பூங்காவில் இதற்கான ஏற்பாடுகளைக் காணலாம். 2012ஆம் ஆண்டில் அங்கே ஒரு கான்கிரீட் கால்வாயை வளைந்து நெளிந்து ஓடும் ஆறாக மாற்றினார்கள். நீரோட்டத்தின் அருகே வரை மக்கள் செல்லலாம். அதே வேளையில், நீர்மட்டம் உயர்ந்தால் எச்சரிக்க விளக்குகளும் ஒலிப்பான்களும் உள்ளன. உயிர்காப்பு மிதவைகளும் ஆங்காங்கே மாட்டப்பட்டிருக்கின்றன.

பெரிய தடை என்றால் அது விரைவுச்சாலைதான். ஒரு பாதை விரைவுச்சாலையில் முட்டி நின்றால், நடப்பவர் மறுபக்கம் போக நெடுந்தூரம் சுற்ற நேரிடும். பலர் அந்த இடத்திலேயே திரும்பிவிடுவார்கள். ஆகவே பாலம் ஒன்று எவ்வளவு செலவு பிடித்தாலும், அது இணைக்கும் இரு பக்கப் பாதைகளின் நீளத்தோடு சேர்த்தே அதன் பயனைக் கணக்கிட வேண்டும். தெற்கு மலைமுகடுகளில், ஹெண்டர்சன் சாலைக்கு மேலே 36 மீட்டர் உயரத்தில் அலைபோல் வளைந்து நிற்கும் பாலம் இதற்குச் சான்று. 274 மீட்டர் நீளமுள்ள அந்தப் பாலம் 2008ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அது இல்லையென்றால், பேபர் மலையில் நடப்பவரும் தெலுக் பிளாங்கா மலையில் நடப்பவரும் ஒருவரையொருவர் எதிரே பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

மனிதர்களுக்காக அமைக்கப்படாத ஒரு பாலமும் நம்மிடம் உண்டு. 1980களில் புக்கிட் தீமா விரைவுச்சாலை கட்டப்பட்டபோது, புக்கிட் தீமா இயற்கை வனப்பகுதி அதற்கு அப்பால் இருந்த மத்திய நீர்ப்பிடிப்புக் காட்டிலிருந்து பிரிக்கப்பட்டது. எறும்புதின்னி போன்ற விலங்குகள் சாலையைக் கடக்க முயன்று வாகனங்களில் அடிபட்டன. 2013ஆம் ஆண்டில் விரைவுச்சாலையின்மீது 62 மீட்டர் நீளத்தில் ஒரு பாலம் கட்டி, அதில் மண் நிரப்பி, மரம் செடிகளை நட்டார்கள். அதன்மீது நடைப்பயணிகள் செல்லக்கூடாது. இது சரியான முடிவு என்றே நான் கருதுகிறேன். இருக்கும் ஒவ்வொரு பச்சை இடமும் நாம் நடப்பதற்காகவே இருக்க வேண்டும் என்பதில்லை.

விளக்கு போடுவதிலும் இதே இழுபறி வரும். விளக்கு இருந்தால் இரவில் நடக்க அச்சம் இருக்காது. வேலை முடிந்து வருபவர்கள் பயன்படுத்துவார்கள். ஆனால், இரவில் இரைதேடும் உயிரினங்களுக்கு அந்த வெளிச்சம் தொல்லை. குடியிருப்புகளை ஒட்டிய பகுதியில் விளக்கு, காட்டை ஒட்டிய பகுதியில் இருட்டு என்று பிரித்துக்கொள்வது ஒரு வழி.

இனி, நடப்பவரின் பக்கத்திலிருந்து பார்ப்போம். 36 கிலோமீட்டர் என்பது எவ்வளவு நேரம்? மணிக்கு 4 கிலோமீட்டர் வீதம் நடந்தால் 9 மணி நேரம். உணவுக்கும் ஓய்வுக்கும் 2 மணி நேரம் சேர்த்தால் 11 மணி நேரம். காலை 7 மணிக்கு ஜூரோங்கிலிருந்து புறப்படுபவர் மாலை 6 மணிக்குக் கோனி தீவை அடைவார். காலை எட்டரைக்குப் புறப்படுபவர் அங்கே போய்ச் சேரும்போது, பூங்காவின் கதவு மூடப்பட்டு அரை மணி நேரம் ஆகியிருக்கும். ஏனெனில் அது இரவு 7 மணிக்கு மூடப்படுகிறது. தூரத்தைவிட நேரமே இங்கே முக்கியம்.

நேரத்தோடு வெயிலும் சேர்ந்துகொள்ளும். பூமத்திய ரேகைக்கு அருகில் உள்ள நம் நாட்டில் நண்பகல் வெயிலில் நிழல் இல்லாத மூன்று கிலோமீட்டர், நிழலில் நடக்கும் ஆறு கிலோமீட்டரைவிடக் கடினம். ஈரப்பதம் மிகுதியாக இருப்பதால் வியர்வை எளிதில் உலராது. உடல் சூடு தணியாது. தலைச்சுற்றலும் குமட்டலும் வந்தால் அதற்குமேல் நடக்கக்கூடாது. ஆகவே திட்டமிடும்போதே மரநிழல் உள்ள பகுதி நண்பகலில் வருமாறு பார்த்துக்கொள்ள வேண்டும். பிற்பகலில் இடி மின்னல் வந்தால் எந்தக் கூரையின் கீழ் ஒதுங்குவது என்பதும் முன்பே தெரிந்திருக்க வேண்டும். மரத்தடி அதற்கு ஏற்ற இடம் அன்று.

நகரப் பாதைக்கு ஒரு பெரிய வசதி உண்டு. காட்டில் பாதி வழியில் களைத்தால் பாதி வழி திரும்பி நடக்க வேண்டும். இங்கே பெருவிரைவு ரயில் நிலையமோ பேருந்து நிறுத்தமோ பெரும்பாலும் அருகிலேயே இருக்கும். நல்ல திட்டத்தில், ஐந்தாறு கிலோமீட்டருக்கு ஒருமுறை பாதையிலிருந்து வெளியேறும் இடம் குறிக்கப்பட்டிருக்கும். அந்த இடத்தில் கழிவறையும் குடிநீரும் உணவங்காடி நிலையமும் இருந்தால் இன்னும் நல்லது. அப்படி இருந்தால் ஏழு வயதுத் தம்பியும் எழுபது வயதுப் பாட்டியும்கூட ஒரு பகுதியை நடந்துவிட்டு வீடு திரும்பலாம். சக்கர நாற்காலியில் வருபவரைப் பொறுத்தவரை, இடையில் வரும் பத்துப் படிகள் விரைவுச்சாலைக்குச் சமம். சாய்தளம் எங்கே இருக்கிறது என்பதை வழிகாட்டிப் பலகை, படிகளுக்கு முன்னால் அன்று, அதற்கு வெகு முன்பே சொல்ல வேண்டும்.

இப்போது தீவையே சுற்றிவர 150 கிலோமீட்டர் நீளமுள்ள பாதை ஒன்று உருவாகி வருகிறது. அதில் கிழக்குப் பகுதியின் 75 கிலோமீட்டர் 2021ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. நீங்களும் ஒரு சிறு பாதையை வரைந்து பார்க்கலாம். உங்கள் பள்ளிக்கு அருகில் உள்ள பெரிய கால்வாயை வரைபடத்தில் கண்டுபிடித்து, அதன் கரையோரமாக அடுத்த பூங்கா வரை ஒரு கோடு போடுங்கள். அந்தக் கோடு எந்தச் சாலையில் முட்டி நிற்கிறது என்று குறித்துக்கொண்டு, ஒரு சனிக்கிழமை காலையில் நேரில் சென்று பாருங்கள்.