சுவரை உடைக்க வேண்டுமா?

வாலாஜாபேட்டையில் நீளமான பழைய வீடு ஒன்று. அறைதோறும் ஸ்பீக்கர், எல்லாவற்றுக்கும் சுவருக்குள்ளே கம்பி. கூடத்திலிருந்த பெருக்கி (ஆம்ப்ளிஃபையர்) பழுதாகிவிட்டது. கடைசி அறையில் ஒலி எப்போதுமே மெலிவுதான். "சுவரை வெட்டித் தடித்த கம்பி போடவேண்டும்" என்கிறார்கள். வேண்டுமா? கணக்கிட்டுப் பார்ப்போம்.

அரைச் சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி, போக வர 60 மீட்டர் என்றால் அதன் மின்தடை சுமார் 2 ஓம். அதில் 8 ஓம் ஸ்பீக்கரை இணைத்தால், ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கு கம்பியிலேயே வெப்பமாக வீணாகிறது.

1856-இல் இராயபுரத்திலிருந்து புறப்பட்ட தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் வந்து சேர்ந்தது நமது வாலாஜா ரோடு நிலையத்துக்குத்தான். ரயில் நிலையம் போன்ற நீண்ட இடங்களில் அறிவிப்புகளுக்கு 100 வோல்ட் முறை பயன்படுகிறது. 10 வாட் ஆற்றலுக்கு 8 ஓம் ஸ்பீக்கரில் 1.1 ஆம்பியர் பாயவேண்டும். 100 வோல்ட்டில் 0.1 ஆம்பியரே போதும். இழப்பு, மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்தில் உள்ளது. எனவே அது ஏறத்தாழ 125-இல் ஒரு பங்காகக் குறைகிறது!

ஆகவே கம்பி இருக்கட்டும், முனைகளை மாற்றுங்கள். 100 வோல்ட் வெளியீடுள்ள பெருக்கியும், ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் ஒரு சிறு மின்மாற்றியும் தேவை. மின்மாற்றி இன்றி ஸ்பீக்கரை நேரே இணைத்தால் கருகிவிடும்.

முதலில் கம்பியைச் சோதியுங்கள். இரு முனைகளையும் கழற்றி, ஒரு முனையை ஒன்றுசேர்த்து மறுமுனையில் அளந்தால் 2 ஓம் வரவேண்டும். பிரித்தால் மின்தொடர்பே இருக்கக்கூடாது. உறை வெடித்த கம்பியை மட்டும் மாற்றியே தீரவேண்டும். 100 வோல்ட்டும் உயிரைப் பறிக்கும்.