மலைக்கும் வெயிலுக்கும் நடுவே ஒரு பழைய ஹைபிரிட்

அந்நியச் செலாவணியைக் காக்கும் நோக்கில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களைப் பொறுத்தவரை 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் திறக்கப்பட்டமையால், இலங்கையில் அதற்கு முன்னர் வந்திறங்கிய ஹைபிரிட் கார்கள் மாற்றாள் இன்றி ஏறத்தாழ ஐந்தாண்டு காலம் கூடுதலாக உழைக்க நேர்ந்தது. 2022 ஜூன் இறுதியில் ஒரு லீற்றர் பெற்றோல் 470 ரூபாவைத் தொட்டதும், அடுத்த மாதமே கியூஆர் குறியீட்டின்படி வாராந்தப் பங்கீடு அறிமுகமானதும், குறைந்த எரிபொருளில் கூடிய தூரம் செல்லும் இவ்வகைக் கார்களின் மதிப்பை மேலும் உயர்த்தின. மாத்தளை மாவட்டத்தில் இன்று கைமாறும் டொயோட்டா பிரியஸ், அக்குவா, ஹொண்டா ஃபிட் போன்றவற்றுள் கணிசமானவை பத்து வயதைக் கடந்தவை. வாங்குபவர் கண் முதலில் கிலோமீற்றர் மானியில் விழுகிறது என்றாலும், அந்த எண்ணைத் திருத்திவிட முடியும் என்பதால் மட்டுமன்றி, ஹைபிரிட் காரின் ஆயுளைத் தீர்மானிப்பது ஓடிய தூரத்தைக் காட்டிலும் பட்ட சூடு என்பதாலும், அந்தப் பார்வை போதுமானதன்று.

ஹைபிரிட் என்பது பெற்றோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்து இழுக்கும் கார் ஆகும். 1997 டிசம்பரில் ஜப்பானில் வெளிவந்த முதல் பிரியஸிலிருந்து டொயோட்டா பின்பற்றிவரும் முறையில், எஞ்சினையும் இரு மின்பொறிகளையும் கோள்பற்சில்லுத் தொகுதி ஒன்று இணைக்கிறது. ஆகவே வழக்கமான கிளச்சோ, ஸ்டார்ட்டரோ, அல்டர்னேட்டரோ அதில் கிடையாது. பிரேக் மிதிக்கும்போது மோட்டார் மின்பிறப்பாக்கியாக மாறி, வீணாகப் போகவேண்டிய வேகத்தை மின்னாக்கிப் பற்றரியில் சேர்க்கிறது. இரண்டாம், மூன்றாம் தலைமுறைப் பிரியஸின் பற்றரியில் 7.2 வோல்ற் கொண்ட 28 நிக்கல் உலோக ஹைட்ரைட்டுக் கட்டிகள் தொடராக இணைந்து 201.6 வோல்ற்றையும், அக்குவாவில் அத்தகைய 20 கட்டிகள் 144 வோல்ற்றையும் தருகின்றன. இந்தப் பற்றரி முழுமையாக நிரம்பவும் விடப்படுவதில்லை, வெறுமையாகவும் விடப்படுவதில்லை. கணினி அதைச் சுமார் 40 முதல் 80 சதவீதத்துக்குள் வைத்துக்கொள்வதே அதன் நெடிய ஆயுளுக்குக் காரணம்.

மாத்தளையின் நில அமைப்பு இந்தப் பொறிமுறையை இரு முனைகளிலும் சோதிக்கிறது. தெற்கே கண்டியிலிருந்து வரும் ஏ9 வீதி பலகடுவை மலையேற்றத்தைத் தாண்டி மாத்தளைப் பள்ளத்தாக்கில் இறங்கி, நாலந்தா, நாவுல வழியாகத் தம்புள்ளையின் உலர்வலயச் சமவெளியை அடைகிறது. கிழக்கே ரத்தோட்டையிலிருந்து றிவர்ஸ்டன் நோக்கி நக்கிள்ஸ் மலைத்தொடருக்குள் ஏறும் வீதியோ வளைவும் செங்குத்தும் மிக்கது. மலையிலிருந்து இறங்கும்போது பற்றரி இலவசமாக நிரம்பிக்கொண்டே இருக்கும் என்ற எண்ணம் பலரிடம் உண்டு. கணக்குப் போட்டுப் பார்த்தால் அக்குவாவின் பற்றரி மொத்தமாகவே ஒரு கிலோவாட் மணிக்குச் சற்றுக் குறைவான மின்னை அடக்குவது. அதிலும் பயன்படும் பங்கு நாற்பது சதவீதமே என்பதால், ஆட்களுடன் 1,500 கிலோ எடையுள்ள கார் ஏறத்தாழ 150 மீற்றர் உயரம் இறங்குவதற்குள்ளேயே அது நிறைந்துவிடும். றிவர்ஸ்டன் இறக்கம் அதைப்போல் பல மடங்கு. நிறைந்த பின்னர் மோட்டாரால் காரைத் தடுக்க இயலாது போவதால், சுமையின் பெரும்பகுதி பிரேக் தகடுகளின் மீது விழுகிறது. கியர்த் தண்டில் உள்ள ‘பி’ (B) நிலை இதற்காகவே அமைந்தது: அதில் எஞ்சின் எரிபொருள் இன்றிச் சுழற்றப்பட்டு, காற்றை அமுக்குவதன் மூலம் வேகத்தைக் குறைக்கிறது. பற்றரியை விரைவாக ஏற்றும் நிலை அது என்று கருதிச் சமதரையிலும் அதை இட்டு ஓட்டுவோர் சேமிக்க வேண்டிய ஆற்றலில் ஒரு பகுதியை வீணடிக்கிறார்கள்.

சமவெளியின் சோதனை வேறு விதமானது. நிக்கல் பற்றரி தன்னளவிலேயே சூடேறுவது. அதைக் குளிர்விக்கத் தனி ஏற்பாடு எதுவும் இல்லாமல், பின்னிருக்கையை ஒட்டிய காற்றுத் துவாரத்தின் வழியாகக் காரின் உட்காற்றையே சிறு விசிறி ஒன்று உறிஞ்சிப் பற்றரிக்கு மேலாக அனுப்புகிறது. எனவே தம்புள்ளையின் சித்திரை வெயிலில் பெற்றோலை மிச்சப்படுத்தவென ஏசியை நிறுத்தி ஓட்டுபவர், பயணிகளை மட்டுமன்றிப் பற்றரியையும் வேகவைக்கிறார் என்றே சொல்ல வேண்டும்; அந்தச் சேமிப்பு மிகச் செலவான சேமிப்பு. தம்புள்ளைப் பொருளாதார மையத்திலிருந்து மரக்கறி மூட்டைகளைப் பின்னிருக்கையில் அடுக்கி வருகையில் அத்துவாரம் அடைபடுவதும், மூட்டைத் தூசியும் துணி நாரும் விசிறியின் அலகுகளில் படிவதும் கண்ணுக்குத் தெரியாத பாதிப்புகள். ஒரு பழைய ஹைபிரிட்டில் செய்யக்கூடிய சீராக்கங்களுள் மிகக் குறைந்த செலவில் மிகக் கூடிய பலன் தருவது, அந்த விசிறியை ஆண்டுக்கு ஒருமுறையாவது கழற்றித் துப்புரவு செய்வதே. ரயர்களின் காற்றழுத்தத்தைக் கதவோரம் ஒட்டியுள்ள அளவில் வைப்பதும், உற்பத்தியாளர் குறித்த 0டபிள்யூ-20 போன்ற மெல்லிய எஞ்சின் ஒயிலைத் தவறாது இடுவதும் அதற்கடுத்த படியில் வருபவை.

கார் உயிர்பெறாமல் நின்றுவிட்டால் பெரிய பற்றரி செத்துவிட்டது என்று அஞ்சுவது வழக்கம். பல வேளைகளில் குற்றவாளி 12 வோல்ற் சிறு பற்றரிதான்; அது எஞ்சினைச் சுழற்றுவதில்லை, கணினிகளை விழிக்கச் செய்து பெரிய பற்றரியின் தொடுப்பை மூடுவதே அதன் பணி. வாரக்கணக்கில் கார் நிறுத்தி வைக்கப்படும்போது அது மெல்ல வடிந்துவிடுகிறது.

பெரிய பற்றரி உண்மையிலேயே தளரும்போது, நடுவில் உள்ள கட்டிகள் சூடு வெளியேற வழி குறைந்தவையாதலால் பெரும்பாலும் முதலில் பலவீனமடைகின்றன. கெட்ட கட்டியை மட்டும் மாற்றித்தரும் கராஜ்கள் குறைந்த தொகை கேட்பதால் அவ்வழி கவர்ச்சியாகத் தோன்றும். ஆனால் வெவ்வேறு கார்களிலிருந்து கழற்றிய கட்டிகள் ஒரே கொள்ளளவு உடையனவல்ல. தொடரிணைப்பில் மிகப் பலவீனமானது எதுவோ அதுவே முழுத் தொகுதியின் எல்லையை வகுப்பதால், ஒன்றை மாற்றிய சில மாதங்களில் அடுத்தது விழுவது இயல்பு. ஆகவே அம்முறையை விற்பதற்கு முன் செய்யும் ஒப்பனையாகக் கொள்ளலாமே தவிர, நிலையான பழுதுபார்ப்பாகக் கொள்ள இயலாது. செம்மஞ்சள் நிற உறையிட்ட உயர்மின் கம்பிகளை வீட்டு முற்றத்தில் தொடுவது எவ்வகையிலும் தகாது. பயிற்சி பெற்ற தொழில்நுட்பவியலாளரே காப்புக் கையுறை அணிந்து, பாதுகாப்புச் செருகியை அகற்றி, இன்வேர்ட்டரில் தேங்கிய மின் வடியப் பத்து நிமிடம் காத்திருந்த பின்னரே கைவைக்கிறார்.

எல்லா ஹைபிரிட்டும் ஒரே இனம் அல்ல. 2013 ஃபிட்டிலும் வெசலிலும் ஹொண்டா இட்டது லிதியம் பற்றரியும் இரட்டை உலர் கிளச் கொண்ட ஏழு கியர்ப் பெட்டியும் ஆகும். ஏ9 வீதியில் உள்ள அக்குறணையின் நெரிசலில், ஏற்றத்தில் அங்குலம் அங்குலமாக ஊர்வதும், பிரேக் பிடிக்காமல் அக்ஸிலரேட்டரைத் தொட்டே காரை நிறுத்திவைப்பதும் அக்கிளச்சைச் சூடேற்றுகின்றன. அத்தகைய காரை வாங்குவோர் கியர்ப்பெட்டி மென்பொருள் புதுப்பிக்கப்பட்டதா என்று விசாரிப்பது அவசியம். வேகன் ஆர் போன்றவற்றில் உள்ளதோ எஞ்சினுக்குச் சற்றே தோள்கொடுக்கும் சிறு மோட்டார் மட்டுமே என்பதால், அதனிடம் பிரியஸின் சிக்கனத்தை எதிர்பார்ப்பது நியாயமாகாது.

பழைய பிரியஸ் ஒன்றை விலைபேசுபவர் அதை மாத்தளை நகரத்துச் சமதரையில் ஓட்டிப் பார்ப்பதோடு நின்றால் பற்றரியைப் பற்றி அதிகம் அறியமாட்டார். ஸ்கேன் கருவியைப் பொருத்தி, நண்பகலில், பலகடுவை ஏற்றத்தில் நன்கு மிதித்து ஓட்டுகையில், 28 கட்டிகளையும் இரண்டிரண்டாகக் கணினி அளக்கும் 14 தொகுதிகளின் வோல்ற்றளவும் திரையில் தெரியும். அவை ஒன்றாக இறங்கி ஒன்றாக மீண்டால் பற்றரி நலமாக உள்ளது. ஏதேனும் ஒன்று மற்றவற்றைவிட ஒரு வோல்ற்றுக்கு மேல் சரிந்தால், புதிய பற்றரியின் விலையைக் கழித்துவிட்டே பேரத்தைத் தொடங்க வேண்டும்.