விண்வெளித் தொடரும் வீட்டுப் படத்தொகுப்பும்

கதை கேட்பதில் தமிழ் மக்களுக்குள்ள வேட்கை மிகப் பழமையானது. பகைவர் சூழ்ந்த வேளையில் விசயை மயிற்பொறி ஏறி வானிற் பறந்தாள் என்று சீவக சிந்தாமணியிற் படித்தவர்கள், அறிவியற் புனைகதை என்றவுடன் அதனை அயல்நாட்டுச் சரக்கென்று ஒதுக்கிவிட மாட்டார்கள். மனிதன் செய்த பொறி மனிதனைச் சுமந்து விண்ணிற் செல்லும் என்னும் கற்பனை நமக்குப் புதியதன்று. அத்தகைய கதையைக் கண்டு மகிழ்வதோடு நில்லாமல், அதனைக் கொண்டு நாமே ஒன்றை ஆக்கிப் பார்க்கலாம் என்பதே அண்மையில் நம் இல்லத்தில் உண்டான புதுமை. அதனை அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகின்றோம்.

‘ஸ்டார் டிரெக்’ என்னும் தொடர் 1966-ஆம் ஆண்டு செப்டம்பர் 8-ஆம் நாள் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடங்கிற்று. அதற்கு 24 நாட்களுக்குப் பின், அக்டோபர் 2-ஆம் நாள், நாம் ஊழியம் செய்யும் தென்மத்திய இரயில்வே செகந்திராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்டு பிறந்தது. ஆக, இரண்டும் ஏறத்தாழ ஒரே வயதின! எண்பதுகளில் தூர்தர்ஷனில் இத்தொடர் வந்தபோது நம் தந்தையார் கண்டு களித்தார். இன்று பேத்தியும் அவரும் அடுத்தடுத்து அமர்ந்து காண்கிறார்கள்.

பணம் மிகுதியாக இருந்ததனால் உண்டான சிறப்பன்று அத்தொடரினுடையது. வாரந்தோறும் விண்கலம் ஒரு கோளில் இறங்குவதைக் காட்டப் பெருஞ்செலவாகும் என்பதால், ஆட்களை ஒளியாக்கி ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்கு அனுப்பும் பொறியைக் கற்பித்துக்கொண்டார்கள். அந்த மினுமினுப்பு, ஒளிக்கற்றையில் அலுமினியத் தூளைத் தூவிப் படமெடுத்தது. குறைந்த சம்பளத்தில் குடும்பம் நடத்தும் நம்மனோர்க்கு இவ்வுத்தி நன்கு விளங்கும் அன்றோ?

நிற்க. அக்கதையில் நம் இல்லத்துப் பிள்ளைகளின் உள்ளங்கவர்ந்தவர் ஸ்பாக் என்பவர். அவருடைய தந்தை வல்கன் என்னும் வேற்றுக் கோளத்தார். தாய் பூமியில் பிறந்த மானிடப் பெண். தந்தை வழியினர்க்கு அவர் முழு வல்கன் அல்லர். கலத்திலுள்ள மானிடர்க்கு முழு மனிதரும் அல்லர். நாச்சாரத்தில் வளரும் நம் குழந்தைகளின் நிலையும் ஒருவாறு இதுவே. வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு, வகுப்பில் ஆங்கிலம். தெலங்கானாவில் 2018-ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லாப் பள்ளிகளிலும் தெலுங்கு கட்டாயப் பாடம். அவர்கள் அதனைக் கற்பது நன்றே. வாழும் மண்ணின் மொழியை அறிதல் கடமை. ஆயினும், தமிழ் அவர்களுக்குச் செவியில் மட்டும் தங்கி, கண்ணுக்கு எட்டாமற் போகின்றது. ஊருக்குச் சென்றால் ‘தெலுங்குப் பிள்ளைகள்’ என்றும், இங்கே ‘அரவக்காரர்’ என்றும் அழைக்கப்படுபவர்களுக்கு, ஸ்பாக் அயலார் அல்லர்.

இவ்வுணர்ச்சியை முதலிற் படங்களாற் சொன்னவர் காண்டி பாங் என்னும் அமெரிக்கப் பெண்மணி. 1975-ஆம் ஆண்டில், படத்தொகுப்பு அறையில் கழித்துப்போட்ட ஸ்டார் டிரெக் படச்சுருளின் துண்டுகளை ஸ்லைடுகளாக்கி, ஒரு பாட்டை ஒலிக்கவிட்டு, அதற்கேற்ப ஒவ்வொன்றாகத் திரையிற் காட்டினார். ஸ்பாக்காக நடித்த லியோனார்டு நிமாய் தாமே பாடிய ‘போத் சைட்ஸ் நவ்’ என்னும் பாட்டுக்கும் பின்னர் இவ்வாறே படங்களைக் கோத்து, அப்பாத்திரத்தின் இரு பக்கங்களையும் காட்டினார். இரசிகர் வீடியோ என்று இன்று உலகெங்கும் வழங்கும் கலைக்கு இதுவே வித்து. பின்னர் வந்தவர்கள் இரண்டு வீடியோ நாடாப் பெட்டிகளை இணைத்து, கையில் நிறுத்து கடிகாரத்துடன் ஒவ்வொரு காட்சியாகப் பதிந்தார்கள். இன்று கே-டென்லைவ், ஷாட்கட் போன்ற மென்பொருள்கள் விலையின்றியே கிடைக்கின்றன. என்.டி. இராமராவ் நிறுவிய படப்பிடிப்பு நிலையம் உள்ள நம் நாச்சாரத்தில், படம் வெட்டி ஒட்டுதல் ஒரு சிலரின் தொழிலாகவே இருந்தது. இன்று அது சாப்பாட்டு மேசைக்கு வந்துவிட்டது.

இரசிகர் வீடியோ வெறும் துண்டுகளின் தொகுப்பன்று. நச்சினார்க்கினியர் சிந்தாமணிக்கு உரை வரைந்தது போல, கண்ட கதைக்குப் படங்களாலேயே வரையும் உரை அது. ‘இப்பாத்திரத்தை நான் இவ்வாறு புரிந்துகொண்டேன்’ என்று சொல்வதே அதன் நோக்கம்.

செய்முறையைச் சுருங்கக் கூறுவோம். முதல் தொடரின் 79 பகுதிகளும் ஏறத்தாழ 65 மணி நேரம் ஓடுவன. குறிப்பின்றித் தேடினால் வேண்டிய காட்சி அகப்படாது. ஆகவே, அலுவலகப் பதிவேடு போல ஒரு நோட்டுப் புத்தகத்தில் வரிசை எண், பகுதி, நிமிடம், காட்சி, அதிலுள்ள உணர்ச்சி என ஐந்து பத்திகள் வரைந்துகொண்டோம். இவ்வேலையில் நம் தொழிற்பழக்கம் கைகொடுத்தது. அடுத்தது தாளம். திரைப்படம் நொடிக்கு 24 படம் ஓடுவது. நிமிடத்திற்கு 120 தட்டு விழும் பாட்டில் ஒரு தட்டுக்கு 12 படம். அந்த எல்லையில் வெட்டினால் கண்ணும் காதும் ஒத்துப்போகும். மூன்றாவது, அடுத்தடுத்து வைக்கும் முறை. ஒரே முகத்தைச் சூப்புக் கிண்ணத்திற்குப் பின் காட்டினால் பசியாகவும், சவப்பெட்டிக்குப் பின் காட்டினால் துயரமாகவும் மக்கள் காண்பர் என்பதைச் சற்றேறக்குறைய நூறாண்டுகளுக்கு முன்பே உருசிய நாட்டு லெவ் குலெஷாவ் காட்டினார். முகம் மாறவில்லை; அதன் அண்டைப்படமே மாறியது.

எட்டாம் வகுப்பிற் படிக்கும் நம் மூத்த மகள் தன் முதல் முயற்சிக்குத் திரைப்பாடலை எடுக்கவில்லை. கணியன் பூங்குன்றனாரின் புறநானூற்று 192-ஆம் பாடலைத் தன் குரலிலேயே சொல்லிப் பதிவு செய்ய விரும்பினாள். கணியன் என்றால் கோள்களின் நிலையைக் கணித்துக் காலம் சொல்பவன் என்று பாட்டனார் கூறியதே அவளை ஈர்த்தது. பாடல் 13 அடிகளே. ஆனால், ஒவ்வொரு சொல்லுக்கும் படம் வேண்டுமே! பொருள் தெரியாமற் படத்தைத் தேர்வதெங்ஙனம்?

“தாத்தா, புணை என்றால் என்ன?”

“தெப்பம், கண்ணு. ஆறு இழுத்த பக்கம் போகும்.”

அன்றிரவு அவள் பதிவேட்டை முழுதும் புரட்டி, விசையிழந்து விண்கலம் மிதக்கும் காட்சியை அவ்விடத்தில் வைத்தாள். ஒரு நிமிடத்துக்குச் சற்று மேற்பட்ட அத்தொகுப்பை முடிக்க ஐந்து ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. அதற்குள் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கி, பாடலைத் தமிழ் எழுத்திலேயே பார்த்துச் சொல்லும் நிலைக்கு வந்துவிட்டாள். நாம் பலமுறை வற்புறுத்தியும் கைகூடாத காரியம் இது.

‘திரையின் முன் பொழுதைப் போக்குவதற்கு இஃதொரு சாக்கு’ என்று சில அன்பர்கள் கூறக்கூடும். அக்கவலை நியாயமானதே. ஆகவே, நம் இல்லத்தில் வாரத்திற்கு ஒரு பகுதி, ஞாயிறன்று இரண்டு மணி நேரத் தொகுப்பு என்று அளவு வகுத்துள்ளோம். பதிவேடு எழுதும் நேரம் இதிற் சேராது. அது தாளும் பேனாவும் கொண்டு செய்வது. மற்றொன்றும் கருதத்தக்கது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, சொந்தப் பயனுக்கும் விமரிசனத்திற்கும் பிறர் படைப்பை நேர்மையான அளவிற் கையாள இடமளிக்கின்றது. விற்பதும், பொதுவில் வெளியிடுவதும் வேறு. ஆதலால் நம் தொகுப்புகள் வீட்டார்க்கும் உறவினர்க்கும் மட்டுமே.

ஸ்டார் டிரெக்தான் வேண்டுமென்பதில்லை. சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’வில் வரும் ஜீனோ என்னும் நாயைப் பிள்ளைகளே வரைந்து, அவ்வோவியங்களைக் கொண்டும் செய்யலாம். 1991-இல் வெளிவந்த ‘ஆதித்யா 369’ என்னும் தெலுங்குப் படத்தின் காலப்பொறியைக் கொண்டு, இங்குள்ள தெலுங்கு நண்பர்களோடு சேர்ந்தும் செய்யலாம். கதை எதுவாயினும் குரல் நம் பிள்ளையுடையதாக இருக்கட்டும். பொருள் கேட்டு வரும்போது பதில் சொல்ல, வீட்டுப் பெரியவர் ஒருவர் அருகில் இருக்கட்டும். இவ்விரண்டும் அமைந்தால் எஞ்சியவற்றைப் பிள்ளைகளே பார்த்துக்கொள்வார்கள்.