மரத்தரையைத் தேய்ப்பதற்கு முன்

பெங்களூரின் பழைய வீடுகள் என்றவுடன் நம் நினைவுக்கு வருவது சிவப்பு ஆக்சைடு தரைதான். ஆயினும், கன்டோன்மென்ட் பகுதிப் பங்களாக்கள் சிலவற்றின் மாடி அறைகளில் தேக்குப் பலகைத் தரைகள் இன்றும் உள்ளன. இப்போது அடுக்குமாடிக் குடியிருப்புகளின் படுக்கையறைகளிலும் மரத்தரை இடம்பெறுகிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல மெருகு மங்கி, நாற்காலிக் கால்கள் இழுபட்ட கோடுகள் தெரியும்போது, இயந்திரத்தால் தேய்த்துப் புதுப்பூச்சு இடலாம் என்ற எண்ணம் எழுவது இயல்பே. பூச்சை எத்தனை முறையும் இடலாம். தேய்த்த மரம் திரும்பி வராது. வங்கிமொழியில் சொன்னால், அது அசலில் கைவைப்பதாகும்.

எனவே முதலில் அறிய வேண்டியது, நம் காலடியில் இருப்பது எது என்பதே. வாசற்படியை ஒட்டிய பட்டையையோ சுவரோரச் சட்டத்தையோ கழற்றிப் பலகையின் விளிம்பைப் பார்த்தால் விடை கிடைத்துவிடும். மேலிருந்து கீழ்வரை ஒரே மரமாக இருப்பின் அது முழுமரப் பலகை. அதனைப் பலமுறை தேய்க்கலாம். ஒட்டுப்பலகையின்மீது நல்ல மரத்தின் மெல்லிய ஏடு மட்டும் இருப்பின், அந்த ஏட்டின் கனமே நம் கையிருப்பு. அது 2 மில்லிமீட்டர் அல்லது அதற்கும் குறைவு எனில் கனரக இயந்திரத்தை அருகில் விடலாகாது. லேமினேட் தரையோ மரமே அன்று. மரத்தின் படம் அச்சிட்ட தாள். அதைத் தேய்த்தால் படம்தான் போகும். பழைய தரையின் மரவகை தெரியவில்லையெனில், 1938-இல் ஆய்வுக்கூடமாகத் தொடங்கி இன்று மல்லேஸ்வரத்தில் இயங்கும் மர அறிவியல் மற்றும் தொழில்நுட்ப நிறுவனத்தை அணுகலாம். மரத்தை இனங்காண்பது அதன் பணிகளுள் ஒன்று.

அடுத்து, தரையில் சில சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்க்க வேண்டும். நீர் முத்தாக நின்றால் பழைய பூச்சு உயிரோடுதான் இருக்கிறது. அந்நிலையில் மேற்பரப்பை நுண்ணிய உப்புத்தாளால் இலேசாகச் சொரசொரப்பாக்கி, ஒரு கை பூச்சு இட்டாலே போதும். செலவும் குறையும், மரமும் மிஞ்சும். (ஒப்பந்தக்காரர்கள் தாமாக இதைச் சொல்வது அரிது.) நீர் ஊறி மரம் கறுத்தால்தான் முழுத்தேய்ப்பு தேவை.

முழுத்தேய்ப்பில் அவசரம் ஆகாது. ஆணித்தலைகளை முதலில் உட்செலுத்த வேண்டும். இல்லையேல் தாள் கிழியும், தீப்பொறியும் பறக்கும். 40 எண் உப்புத்தாளில் தொடங்கி 60, 80, 100 எனப் படிப்படியாகச் செல்ல வேண்டும். ஒரு படியைத் தாண்டினால் முந்தைய கீறல்கள் பூச்சுக்கு அடியில் நிலைத்துவிடும். உருளை இயந்திரம் சுழலும்போது ஒரே இடத்தில் நின்றுவிட்டால் அங்கே பள்ளம் விழும். பழக்கமில்லாதவர்களுக்குத் தட்டை இயந்திரமே பாதுகாப்பானது. மரத்தூசியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களுள் ஒன்றாக உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியுள்ளது. ஆகவே என்95 முகக்கவசம் இன்றி அறைக்குள் எவரும் இருத்தல் கூடாது.

காலமும் முக்கியம். ஜனவரி முதல் மார்ச் வரையிலான வறண்ட நாள்களில் பூச்சு நன்கு உலரும். ஆனால் அப்போது பலகைகள் சுருங்கி நடுவே மெல்லிய இடைவெளிகள் தெரியும். அவற்றை மக்கு வைத்து அடைத்துவிட நம் கை துறுதுறுக்கும். ஜூனில் மழைக்காற்று வந்து மரம் விரியும்போது அந்த மக்கு பிதுங்கி வெளியேறும். இழையளவு இடைவெளிகளை அப்படியே விடுவதே நன்று.

தேக்கில் இயற்கையாகவே எண்ணெய்ப்பசை உண்டு. பூச்சுக்குமுன் அதற்குரிய தின்னரால் துடைக்காவிடில் பூச்சு சரியாகப் பிடிக்காது. அந்நேரம் சன்னல்கள் திறந்திருக்க வேண்டும். சமையல் அடுப்பு, பூசை விளக்கு, ஊதுவத்தி எதுவும் எரியலாகாது. பலரும் அறியாத ஆபத்து இன்னொன்று உள்ளது. ஆளிவிதை எண்ணெய் போன்ற உலரும் எண்ணெய் தோய்ந்த துணிகளைச் சுருட்டி மூலையில் போட்டால், அவை தாமாகவே சூடேறித் தீப்பற்றக்கூடும். அவற்றை வெளியில் விரித்து உலர்த்த வேண்டும், அல்லது நீரில் அமிழ்த்தி வைக்க வேண்டும்.

செலவைப் பொறுத்தவரை, சதுர அடிக் கணக்கில் விலை சொல்லப்படுவதால் அறையை நாமே அளந்துகொள்வது நலம். தேய்ப்பு எத்தனை படி, பூச்சு எத்தனை கை, எந்த வகைப் பூச்சு என்பவற்றை எழுத்தில் பெற வேண்டும். வீட்டைப் பழுதுபார்க்கக் கடன் பெற்றவர்கள் பழைய வருமான வரிமுறையில் இருப்பின், தாம் குடியிருக்கும் வீட்டுக்கான அக்கடனின் வட்டியில் ஆண்டுக்கு 30,000 ரூபாய் வரை கழிவு கோரலாம். இது 2 லட்ச ரூபாய் உச்சவரம்புக்குள் அடங்கும். ரசீதுகளைப் பத்திரப்படுத்த மறக்கலாகாது.

இறுதித் தவணையைக் கொடுக்குமுன், காலை வெயில் சன்னல் வழியே சாய்வாக விழும் வேளையில் தரையைக் குனிந்து பார்க்க வேண்டும். நடுப்பகலில் மறைந்திருக்கும் உருளைத் தடங்களும் வளைகீறல்களும் அந்த வெளிச்சத்தில் தெரிந்துவிடும்.