'ரெஃப்ரிக்கு கண்ணு தெரியலையா?' - பள்ளிப் போட்டிகளில் எல்லை மீறும் பார்வையாளர்களை நடுவர் என்ன செய்ய முடியும்?

50,000 பேர். அமெரிக்காவில் 2018-19 சீசனுக்குப் பிறகு மூன்றே ஆண்டுகளில் உயர்நிலைப் பள்ளிப் போட்டிகளை விட்டு விலகிய நடுவர்களின் தோராயமான எண்ணிக்கை இது. சொன்னது அந்நாட்டுப் பள்ளி விளையாட்டுகளுக்கு விதிமுறை எழுதும் தேசிய கூட்டமைப்பு.

கொரோனா காலம் ஒரு காரணம்தான். ஆனால் கூட்டமைப்பு அழுத்திச் சொன்ன காரணம் வேறு. கேலரியில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களின் வாய். 'விசிலை விட்டுட்டு வீட்டுக்குப் போ' என்பதில் தொடங்கி, அச்சில் ஏற்ற முடியாத வார்த்தைகள் வரை. இதனால் பல மாவட்டங்களில் வெள்ளிக்கிழமை இரவு நடக்க வேண்டிய அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டங்களை, நடுவர் கிடைக்காமல் வியாழனுக்கும் சனிக்கும் மாற்றினார்கள்.

அப்படியென்றால் நடுவர் திரும்பக் கத்த வேண்டுமா? கேட்காத மாதிரி இருக்க வேண்டுமா? ஆட்டத்தையே நிறுத்திவிட முடியுமா?

கத்துறது யாரு?

மாணவர்கள் என்று நினைத்தால் தவறு. அமெரிக்க விளையாட்டு நடுவர்கள் சங்கம் 2017-ல் 17,000-க்கும் அதிகமான நடுவர்களிடம் கருத்துக் கேட்டது. மைதான ஒழுக்கத்தைக் கெடுப்பதில் முதலிடம் யாருக்கு என்ற கேள்விக்கு அதிகம் பேர் சொன்ன பதில், பெற்றோர். பயிற்சியாளர்கள்கூட அதற்கு அடுத்துதான்.

ஒரு வகையில் இது புரிகிற விஷயம்தான். பையனுக்கு ஷூ, பயிற்சிக் கட்டணம், வார இறுதிப் பயணம் என்று செலவழித்த அப்பாவுக்கு, கல்லூரி ஸ்காலர்ஷிப் கனவும் கூடவே இருக்கும். அவருக்கு அது ஒரு ஃபவுல் அல்ல, பையனின் எதிர்காலம். ஆனால் எதிரே விசிலோடு நிற்பவர் பெரும்பாலும் பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு, சாயங்காலம் சொற்பப் பணத்துக்கு வந்து ஓடுபவர்.

நடுவருக்கு கேலரி மேல் அதிகாரம் உண்டா?

நேரடியாக இல்லை. பலருக்குத் தெரியாத விஷயம் இதுதான்.

கால்பந்தை எடுத்துக்கொள்வோம். மஞ்சள் அட்டை, சிவப்பு அட்டை எல்லாம் வீரர்களுக்கும் மாற்று வீரர்களுக்கும்தான். 2019 முதல் பயிற்சியாளர் போன்ற அணி நிர்வாகிகளுக்கும் காட்டலாம். வேலிக்கு வெளியே நிற்கும் அப்பாவுக்குக் காட்ட முடியாது. ஆனால் ஐந்தாவது விதி நடுவருக்கு இன்னொரு ஆயுதத்தைக் கொடுக்கிறது. வெளியாட்கள் தொந்தரவு செய்தால் ஆட்டத்தை நிறுத்தலாம், தள்ளிவைக்கலாம், அப்படியே கைவிடலாம். அதாவது ஆள் மேல் அதிகாரம் இல்லை, ஆட்டத்தின் மேல் முழு அதிகாரம் உண்டு.

அமெரிக்கப் பள்ளி கூடைப்பந்து விதிப் புத்தகம் இதை இன்னும் வெளிப்படையாகச் சொல்கிறது. பார்வையாளர்களைக் கட்டுப்படுத்துவது போட்டியை நடத்தும் பள்ளியின் பொறுப்பு. ரசிகர்களின் நடத்தை ஆட்டத்தையே கெடுக்கிற அளவுக்குப் போனால், அவர்கள் ஆதரிக்கும் அணிக்கு எதிராக நடுவர் ஃபவுல் கொடுக்கலாம். ஆனால் கவனமாக, ஏனெனில் தப்பு செய்யாத அணி தண்டிக்கப்பட்டுவிடக் கூடாது என்கிறது அதே விதி.

இந்த அதிகாரத்தை அனுபவமுள்ள நடுவர்கள் தொடவே மாட்டார்கள். டெக்னிக்கல் ஃபவுல் என்றால் எதிரணிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ, பந்தும் அவர்களுக்கே. கடைசி நிமிடத்தில் ஒரு புள்ளி வித்தியாசம் இருக்கும்போது, நாலாவது வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஒருவரின் வாய்க்காக 16 வயதுப் பிள்ளைகள் தோற்பது என்ன நியாயம்? தவிர, அந்த ஃபவுலுக்குப் பிறகு கேலரி அமைதியாகும் என்று யாராவது நம்புகிறார்களா?

அப்போ நடுவர் என்னதான் செய்யணும்?

சிட்னி டெஸ்ட்டை நினைவிருக்கிறதா? 2021 ஜனவரி. பவுண்டரி அருகே ஃபீல்டிங் செய்த முகமது சிராஜ், கேலரியிலிருந்து வசைச் சொற்கள் வருவதாக கேப்டன் ரஹானேவிடம் சொன்னார். ரஹானே அம்பயர்களிடம் சொன்னார். அம்பயர்கள் ஆட்டத்தை நிறுத்தினார்கள். சில நிமிடங்களில் போலீசும் பாதுகாவலர்களும் கேலரிக்குள் போய் ஆறு பேரை வெளியேற்றினார்கள். ஆட்டம் தொடர்ந்தது.

இதில் கவனிக்க வேண்டியது, அம்பயர் செய்யாததை. அவர் கேலரிக்கு நடந்து போகவில்லை. 'யார்யா அது?' என்று கேட்கவில்லை. ஆட்டத்தை நிறுத்தி, சொல்ல வேண்டியவரிடம் சொல்லிவிட்டுக் காத்திருந்தார். பள்ளி மைதானத்திலும் இதே பாடம்தான், போலீசுக்குப் பதிலாக அங்கே பள்ளியின் போட்டி நிர்வாகி இருப்பார்.

அதனால் நல்ல நடுவரின் வேலை விசில் ஊதுவதற்கு முன்பே தொடங்கிவிடும். அமெரிக்கப் பள்ளி கூடைப்பந்தில் ஆட்டத்துக்கு 15 நிமிடம் முன்பே நடுவர்கள் களத்தில் இருக்க வேண்டும், அப்போதே அவர்களின் அதிகாரமும் ஆரம்பம். அதற்கும் முன்னால் ஒரு கேள்வியைக் கேட்டுவிட வேண்டும்: 'இன்னிக்கு கூட்டத்துக்குப் பொறுப்பு யாரு? எங்க உட்கார்ந்திருப்பாரு?' அந்த முகத்தை அடையாளம் வைத்துக்கொள்ளாத நடுவர், மூன்றாவது குவார்ட்டரில் பிரச்னை வரும்போது கூட்டத்துக்குள் தேடிக்கொண்டிருப்பார்.

பிரச்னை வந்ததும், ஆட்டம் இயல்பாக நிற்கும் இடத்துக்காகக் காத்திருக்க வேண்டும். நின்றதும் நிர்வாகியை அழைத்து இரண்டு வரியில் சொல்ல வேண்டும். 'நீலச் சட்டை, மூணாவது வரிசை, ஓரத்துல இருக்கிறவர். அவர் வெளிய போகணும்.' அவ்வளவுதான். கையை நீட்டிக் காட்டினால் மொத்த கேலரிக்கும் அது ஒரு காட்சியாகிவிடும், வெளியேறுபவர் ஹீரோவாகிவிடுவார். எச்சரிக்கையா, வெளியேற்றமா, போலீஸா என்பதை நிர்வாகி பார்த்துக்கொள்வார். அதுவரை இரு அணிகளையும் பெஞ்சுக்கு அனுப்பிவிட்டு நடுவர் மைதானத்தின் நடுவில் நிற்பது நல்லது. வெளியேற மறுத்தால்? ஆட்டம் தொடராது. கேலரியில் இருக்கும் மற்ற பெற்றோரே அவரை எழுப்பி அனுப்பிவிடும் வாய்ப்பு அதிகம்.

எதைக் கேட்கணும், எதைக் கேட்கக் கூடாது?

உண்மையில் கடினமான பகுதி இதுதான்.

'கண்ணு தெரியலையா', 'எதிரணிகிட்ட காசு வாங்கிட்டியா' போன்றவை எல்லா மைதானத்திலும் உண்டு. இதற்கெல்லாம் ஆட்டத்தை நிறுத்தினால் எந்த ஆட்டமும் முடியாது. திரும்பிப் பார்ப்பதுகூட ஆபத்து. கண்ணோடு கண் பார்த்துவிட்டால், கத்தியவருக்கு ஒரு ரசிகர் கிடைத்த மாதிரி. அடுத்த முடிவுக்கு இன்னும் சத்தமாக வரும். நகைச்சுவையாகப் பதில் சொல்கிறேன் என்று இறங்குவதும் அப்படியே. அடுத்த நாள் செல்போன் வீடியோவில் நடுவரின் பதில் மட்டும்தான் இருக்கும்.

ஆனால் விளையாடும் பிள்ளைகளைக் குறிவைத்து வரும் வார்த்தைகள் வேறு கணக்கு. நிறம், இனம், உடல், பெண் பிள்ளைகளின் தோற்றம் பற்றி ஒரு சொல் வந்தாலும், முதல் தடவையே நிறுத்த வேண்டும். மிரட்டலும் அப்படித்தான். 'வெளிய வா, பார்த்துக்கிறேன்' என்பது விமர்சனம் இல்லை. தன்மீது வருவதற்குக் காது மந்தமாகவும், பிள்ளைகள் மீது வருவதற்குக் காது கூர்மையாகவும் இருக்கத் தெரிந்தவர்தான் இந்த வேலைக்கு லாயக்கு. நடைமுறையில் பல நடுவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். தன்னைத் திட்டினால் உடனே சூடாகி, பிள்ளையைத் திட்டும்போது ஆட்டத்தில் மூழ்கிவிடுகிறார்கள்.

ஆபத்து, ஆட்டம் முடிந்த பிறகு

கடைசி விசிலுக்குப் பிறகு கை குலுக்கி, நின்று பேசி, முடிவை விளக்கிச் சொல்ல நினைப்பது நல்லெண்ணம்தான். ஆனால் வேண்டாம். நடுவர்கள் ஆடுகளத்தை விட்டுப் பார்வையிலிருந்து மறைந்ததும் கூடைப்பந்து விதிப்படி அவர்களின் அதிகாரம் முடிந்துவிடுகிறது. பார்க்கிங்கில் அவர் வெறும் ஒரு ஆள். அதனால் குழுவாகச் சேர்ந்து வெளியேறுவது, நிர்வாகியை கார் வரை கூட வரச் சொல்வது, காரை வாசலுக்குப் பக்கத்திலேயே நிறுத்துவது என்று பழகிக்கொள்கிறார்கள்.

அப்புறம், எழுத்து. அன்று இரவே அறிக்கை எழுதுபவரின் புகார்தான் நிற்கும். யார், எந்த நேரத்தில், சரியாக என்ன சொன்னார், நிர்வாகி என்ன செய்தார். 'கேவலமாகப் பேசினார்' என்று எழுதினால் விசாரணையில் ஒன்றும் ஆகாது. அந்த வார்த்தையையே எழுத வேண்டும். 20-க்கும் மேற்பட்ட அமெரிக்க மாநிலங்களில் நடுவரைத் தாக்குவதற்கென்றே தனிச் சட்டப் பிரிவுகள் உள்ளன. அங்கேயும் முதல் ஆதாரமாக இந்த அறிக்கைதான் கேட்கப்படும்.

இது மிகையான எச்சரிக்கை என்று தோன்றினால், நெதர்லாந்தின் அல்மேர் நகரில் நடந்ததைச் சொல்ல வேண்டும். 2012 டிசம்பரில் ஒரு இளையோர் கால்பந்து ஆட்டம். மகன் ஆடும் அணிக்காகச் சம்பளமில்லாமல் லைன்ஸ்மேனாக நின்ற 41 வயது ரிச்சர்ட் நியூவென்ஹைசன், ஆட்டம் முடிந்ததும் தாக்கப்பட்டார். அடுத்த நாள் இறந்தார். தண்டிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் எதிரணிச் சிறுவர்கள். ஒருவர் மட்டும் பெரியவர், அந்த அணி வீரர் ஒருவரின் தந்தை. அவருக்கு 6 ஆண்டு சிறை. அடுத்த வார இறுதியில் அந்நாட்டில் அமெச்சூர் கால்பந்து ஆட்டம் எதுவும் நடக்கவில்லை.

'அப்போ நீங்களே வந்து ஊதுங்க'

நடுவரை மட்டும் தயார்படுத்தினால் போதாது என்பதை விளையாட்டு அமைப்புகள் மெல்லப் புரிந்துகொள்கின்றன. இங்கிலாந்து கால்பந்து சங்கம் 2023-ல் மிடில்ஸ்பரோ பகுதியில் தொடங்கி, பெரியவர்கள் ஆடும் உள்ளூர் லீக் நடுவர்களுக்கு உடலில் அணியும் கேமரா கொடுத்துப் பார்த்தது. சிறுவர் ஆட்டங்களில் பெற்றோர் கை தட்டலாம், கத்தக் கூடாது என்று 'மௌன வார இறுதி' நடத்துகிறார்கள். சில கவுண்ட்டிகளில் 18 வயதுக்குக் கீழ் உள்ள நடுவர்களுக்கு ஊதா நிறக் கைப்பட்டை. நீங்கள் திட்டிக்கொண்டிருப்பது ஒரு பள்ளிப் பிள்ளையை என்று பார்த்தவுடன் தெரிவதற்காக.

நம் ஊர் குறுவட்டப் போட்டிகளில் விசில் பெரும்பாலும் உடற்கல்வி ஆசிரியர்கள் கையில்தான். 'அவர் அந்த ஸ்கூல் சார்தானே, அப்படித்தான் கொடுப்பார்' என்ற பேச்சு அங்கே கூடுதலாக வரும். அந்த நேரத்தில் கூட்டத்தைச் சமாளிக்க வேண்டியவர் விசில் வைத்திருக்கும் சார் இல்லை, போட்டியை நடத்தும் பள்ளியின் தலைமையாசிரியரும் அவர் நியமித்த ஆட்களும்தான்.

இருப்பதிலேயே எளிமையான யோசனை நியூஜெர்சியின் டெப்ட்ஃபோர்ட் சிறுவர் பேஸ்பால் லீக்கிலிருந்து வந்தது. பெற்றோரின் வசை தாங்காமல் இரண்டு அம்பயர்கள் விலகியதும், 2023-ல் அந்த லீக் ஒரு விதி போட்டது. அம்பயரைத் திட்டிப் பிடிபட்டவர் மைதானத்துக்குள் திரும்ப வர வேண்டுமானால், முதலில் மூன்று ஆட்டங்களுக்கு அவரே அம்பயராக நிற்க வேண்டும். மாட்டேன் என்றால் ஒரு வருடம் தடை.