கூண்டு ஏத்தியாச்சு... ஸ்கிரீன் ரெடியா?

ஐப்பசி, கார்த்திகை வந்துட்டா போதும். டி.வி. நியூஸ்ல இந்த வரி கண்டிப்பா வரும்... 'தூத்துக்குடி துறைமுகத்தில் 1-ம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டுள்ளது'. நாமளும் கேட்டுட்டு, 'நாளைக்கு காலேஜ் லீவா மச்சி?'னு ஒரு எஸ்.எம்.எஸ். தட்டிட்டு சேனலை மாத்திடுவோம். கூண்டுன்னா என்ன, அதை யார் ஏத்துறாங்க, நம்பருக்கு என்ன அர்த்தம்... யோசிச்சதே இல்லை!

யோசிச்சுப் பாருங்க ஃப்ரெண்ட்ஸ். கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறவங்களுக்கு அதுல ஒரு செமஸ்டர் பாடமே இருக்கு.

விஷயம் இதுதான். சென்னையில இருக்கிற புயல் எச்சரிக்கை மையம், கடல்ல என்ன நடக்குதுன்னு பார்த்து துறைமுகத்துக்குத் தகவல் அனுப்பும். துறைமுகத்துல உயரமான கம்பத்துல, பகல்னா கூம்பும் உருளையுமா சில உருவங்களைத் தொங்கவிடுவாங்க. ராத்திரின்னா சிவப்பு, வெள்ளை விளக்குகள். அவ்ளோதான். கப்பல்ல இருக்கிறவன் கொரியாக்காரனா இருந்தாலும் சரி, கிரேக்கனா இருந்தாலும் சரி, பைனாகுலர்ல பார்த்தாலே புரிஞ்சிடும்.

மொத்தம் 11 நம்பர். 1, 2 வந்தா எங்கேயோ தூரத்துல கோளாறு, துறைமுகத்துக்கு இப்போதைக்கு ஆபத்தில்லை. 3, 4-ன்னா நம்ம ஏரியாவுக்கே எச்சரிக்கை. 5, 6, 7 அபாயம். 8, 9, 10 பெரும் அபாயம். அதுலயும் ஒரு நுணுக்கம் பாருங்க... 5-ன்னா புயல் போகிற பாதைக்கு இடப்பக்கம் துறைமுகம் இருக்கும். 6-ன்னா வலப்பக்கம். 7-ன்னா நேரா நம்ம தலைக்கு மேலயோ, ரொம்பப் பக்கத்துலயோ! ஒரே ஒரு நம்பர்ல எவ்வளவு தகவல்!

1864-ல் கல்கத்தாவை ஒரு பயங்கரப் புயல் புரட்டிப் போட்டது. அடுத்த வருஷமே, அதாவது 1865-ல், அந்தத் துறைமுகத்துல எச்சரிக்கை ஏற்பாடு ஆரம்பிச்சாங்க. இந்திய வானிலைத் துறை பிறந்ததே 1875-லதான். ஆக, ஆபீஸ் வர்றதுக்கு முன்னாடியே போர்டு வந்துடுச்சு.

இப்போ இதையே இன்றைய பாஷையில சொல்லுங்க பார்ப்போம். தகவலைத் தயார் பண்ற இடம் ஒண்ணு. காட்டுற இடம் வேற ஒண்ணு. நடுவுல ஒரு ஃபிக்ஸட் டெம்ப்ளேட். டிஜிட்டல் சைனேஜ் சாஃப்ட்வேர் பண்றதும் இதைத்தான் பாஸ்!

வெப்சைட் வேற... டி.வி. வேற!

கன்டென்ட் மேனேஜ்மென்ட் சிஸ்டம், சுருக்கமா சி.எம்.எஸ். இதைக் கேள்விப்படாத ஐ.டி. ஸ்டூடண்ட் இருக்க முடியாது. 2001-ல் ட்ரூபல் வந்தது, 2003-ல் வேர்ட்பிரஸ், 2005-ல் ஜூம்லா. மூணுமே இலவசம், மூணுமே ஓப்பன் சோர்ஸ். இன்னிக்கு உலகத்து வெப்சைட்டுகள்ல 40 சதவிகிதத்துக்கும் மேல ஓடுறது வேர்ட்பிரஸ்லதான்.

'அப்புறம் என்ன, கடை டி.வி.லயும் அதையே ஓட்டிட வேண்டியதுதானே?'னு ஒரு கேள்வி வரும். வரணும். ஏன்னா நிறைய கம்பெனிகள் இந்த ரெண்டையும் குழப்பிக்கிட்டுத்தான் காசைக் கரைக்குது. போதாததுக்கு, சைனேஜ் சாஃப்ட்வேர்லயும் தகவலை ஏத்துற பகுதிக்கு சி.எம்.எஸ்.னுதான் பேரு வெச்சிருக்காங்க!

தூத்துக்குடியில ஒரு மக்ரூன் கடையைக் கற்பனை பண்ணிக்குவோம். முந்திரி, சர்க்கரை, முட்டை வெள்ளைக்கரு... வாயில வெச்சா கரையுற அதே மக்ரூன்தான். கடைக்கு ஒரு வெப்சைட் இருக்கு. கடைக்குள்ள கல்லாவுக்கு மேல ஒரு 43 இன்ச் டி.வி. இருக்கு. வெப்சைட்டுக்கு வர்றவர் தேடி வர்றார். மௌஸ் அவர் கையில. ஸ்க்ரோல் பண்ணுவார், கிளிக் பண்ணுவார், பிடிக்கலைன்னா மூடிடுவார். டி.வி. முன்னாடி நிக்கிறவர் அப்படி இல்லை. அவர் வந்தது மக்ரூன் வாங்க. கிடைக்கிற சில செகண்ட்ல அண்ணாந்து பார்க்கிறார். அவர் கையில எதுவும் இல்லை. எதை, எப்போ, எவ்வளவு நேரம் காட்டணும்னு முடிவு பண்றது முழுக்க நம்ம பொறுப்பு.

அதனாலதான் சைனேஜ் சாஃப்ட்வேர்ல 'பக்கம்' முக்கியம் இல்லை, 'நேரம்'தான் முக்கியம். காலையில டீயும் பன்னும், சாயங்காலம் மக்ரூன், ஆகஸ்ட் 5 பனிமய மாதா திருவிழா நேரத்துல ஸ்பெஷல் பாக்ஸ்... இப்படி அட்டவணை போடணும். டி.வி. ஆன்ல இருக்கா, எந்த விளம்பரம் எத்தனை தடவை ஓடுச்சுன்னு கணக்கு வரணும். கரன்ட் போயிட்டு வந்தா யாரும் தொடாமலே தானா கிளம்பணும். வேர்ட்பிரஸ்ல இதெல்லாம் பிறவியில கிடையாது. ப்ளக்-இன்னைப் போட்டு ஒப்பேத்தலாம்... ஒரு டி.வி.க்கு ஓகே. பத்து டி.வி. ஆனா நாக்கு தள்ளிடும்.

இன்னொரு வில்லங்கம்... விலை. வெப்சைட்ல கிலோ விலையை மாத்திட்டாங்க. டி.வி.ல மாத்த மறந்துட்டாங்க. கஸ்டமர் பழைய விலையைக் காட்டி, 'ஏன் அண்ணாச்சி, போர்டுல ஒண்ணு, பில்லுல ஒண்ணா?'ன்னு சத்தம் போட்டா யார் பதில் சொல்றது? அதனால விலையை ஒரே இடத்துல வெச்சுட்டு, வெப்சைட்டும் டி.வி.யும் அங்கிருந்து எடுத்துக்கிற மாதிரி பண்றதுதான் புத்திசாலித்தனம். வேர்ட்பிரஸ்ல அதுக்கான ஏ.பி.ஐ. 2016 டிசம்பர்ல வந்த 4.7 வெர்ஷன்ல முழுசா உள்ளேயே வந்துடுச்சு. வாகைக்குளம் ஏர்போர்ட்ல 2025 ஜூலையில புது டெர்மினல் திறந்தாங்களே... அந்த மாதிரி இடங்கள்ல சென்னை ஃப்ளைட் லேட்னு யாரும் ஒவ்வொரு ஸ்கிரீனாப் போய் டைப் அடிக்கிறது இல்லை. டேட்டாபேஸ்ல ஒரு இடத்துல மாறும், எல்லா ஸ்கிரீனும் மாறும்.

எதை வாங்கலாம்?

கடைக்கார அண்ணாச்சி உங்களைத்தான் கேட்பார், 'தம்பி, நீ கம்ப்யூட்டர்தானே படிக்க?'ன்னு. அதனால சொல்லி வைக்கிறேன்.

செலவே கூடாதுன்னா ஆந்தியாஸ். முன்னாடி ஸ்கிரீன்லி ஓ.எஸ்.இ.ன்னு பேர். ராஸ்பெர்ரி பை-ல ஓடும், இலவசம். ஆனா ஒவ்வொரு பெட்டியையும் தனித்தனியா கவனிக்கணும். ஒண்ணு ரெண்டு ஸ்கிரீனுக்கு அமர்க்களம்.

நாலஞ்சு கிளை இருக்கிற கடைன்னா என் ஓட்டு ஸிபோவுக்கு. பிரிட்டன்காரங்க சமாச்சாரம், ஓப்பன் சோர்ஸ். பி.எச்.பி., மை-எஸ்.க்யூ.எல். தெரிஞ்ச பசங்க நம்ம சர்வர்லயே நிறுவிக்கலாம். விண்டோஸ், லினக்ஸ்ல ஓடுற ப்ளேயர் இலவசம், ஆண்ட்ராய்டுக்கும், எல்.ஜி., சாம்சங் டி.வி.க்குள்ளேயே ஓடுறதுக்கும் லைசென்ஸ் காசு. இது தெரியாம 'இலவசம்'னு நம்பி ஆண்ட்ராய்டு பாக்ஸா வாங்கிக் குவிச்சுட்டு அப்புறம் முழிக்கக் கூடாது.

சர்வர் தலைவலியே வேண்டாம்னா யோடெக் மாதிரி வாடகை சர்வீஸ்கள் இருக்கு. அதுல ஒரே ஒரு ஸ்கிரீன்னா காசில்லை. அதுக்கு மேல ஸ்கிரீனுக்கு இவ்வளவுன்னு மாசா மாசம் கட்டணும். இங்கதான் கால்குலேட்டரை எடுக்கணும். உதாரணத்துக்கு ஒரு ஸ்கிரீனுக்கு மாசம் 500 ரூபாய்னு வெச்சுக்குங்க. 3 ஸ்கிரீனுக்கு வருஷம் 18,000. சரி, பரவாயில்லை. அதுவே 30 ஸ்கிரீன்னா 1,80,000! அந்தக் காசுக்கு ஒரு பையனை பார்ட் டைமா வேலைக்கே வெச்சுக்கலாம். (அந்தப் பையன் நீங்களாவே இருக்கலாம்!)

பெரிய கம்பெனி சாமான் வாங்கிட்டா கவலை இல்லைன்னும் நினைக்காதீங்க. சாம்சங்கோட மேஜிக்இன்ஃபோ சர்வர்ல ஒரு ஓட்டை இருந்தது. 2024-லயே அடைப்பு கொடுத்துட்டாங்க. ஆனாலும் அந்த சர்வர்களைக் குறிவெச்சு 2025-ல் தாக்குதல் நடந்தது. சுவத்துல மாட்டின டி.வி.தானேன்னு யாரும் அதைக் கம்ப்யூட்டரா மதிக்கிறது இல்லை. ஹேக்கர் மதிக்கிறான்!

டெமோ பார்க்கும்போது மறக்காம ஒண்ணு செய்யுங்க. 'கொற்கை'ன்னு டைப் பண்ணிப் பாருங்க. முத்துக்குப் பேர் போன நம்ம பாண்டியர் துறைமுகம்தான். பல மலிவு எல்.இ.டி. போர்டுகள்ல ஒற்றைக்கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம், நடுவுல புள்ளி வட்டம்னு சின்னாபின்னமாகி நிக்கும். பாமினி ஃபான்ட்ல டைப் பண்ணின பழைய ஃபைலைக் கொண்டுபோய்ப் போட்டா இன்னும் மோசம், கெட்ட வார்த்தை மாதிரி ஏதோ ஓடும். யுனிகோடை ஒழுங்கா காட்டத் தெரியாத போர்டுன்னா, எழுத்தைப் படமா மாத்தி ஏத்துறதுதான் வழி. துறைமுக கேட்ல லாரி டிரைவர்களுக்கு வழி காட்டுற போர்டுல இப்படி எழுத்து உடைஞ்சா சிரிச்சுட்டுப் போக முடியாது... லாரி ரிவர்ஸ் எடுக்கணும்.

நெட் போயிடுச்சுன்னா?

2024 ஜூலை 19. கிரவுட்ஸ்ட்ரைக் கம்பெனி அனுப்பின ஒரு அப்டேட்ல சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலக்கலர் ஆகிப் படுத்துடுச்சு. உலகம் பூரா ஏர்போர்ட் ஸ்கிரீன்கள் காலி. இந்தியாவுல போர்டிங் பாஸைப் பேனாவால எழுதிக் கொடுத்தாங்க.

அது கூட ஒருநாள் கூத்து. நம்ம ஊர் கதை அப்படி இல்லை. 2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்துல 24 மணி நேரத்துல சுமார் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி ஊருக்குள்ள வந்துடுச்சு. திருச்செந்தூர்ல இருந்து கிளம்பின எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்துல நின்னுபோய், நூத்துக்கணக்கான பயணிகள் தண்ணிக்கு நடுவுல மாட்டிக்கிட்டாங்க. பல இடங்கள்ல கரன்ட் இல்லை, செல்போன் சிக்னல் இல்லை. எந்தப் பாலம் உடைஞ்சது, எந்த ரோடு இருக்குன்னு சொல்ல வேண்டிய நேரத்துல எல்லா ஸ்கிரீனும் இருட்டு.

ஸ்கிரீன் விக்க வர்ற சேல்ஸ்மேன் கலர் பத்தியும் 4கே பத்தியும் பேசுவார். இதைப் பத்திப் பேச மாட்டார். நீங்க கேளுங்க. 'நெட் கட்டானா உங்க ப்ளேயர் என்ன காட்டும்?' நல்ல சாஃப்ட்வேர் கடைசியா வந்ததை உள்ளேயே சேமிச்சு வெச்சு ஓட்டும். மெனு கார்டுக்கு அது போதும். ஆனா எச்சரிக்கைக்கு அது ஆபத்து! நேத்திக்கு வந்த 'கடல் அமைதி'யை இன்னிக்கும் ஓட்டிக்கிட்டே இருந்தா என்ன ஆகும்? அந்த வகைத் தகவலுக்கு 'இத்தனை மணிக்கு மேல இது செல்லாது'ன்னு காலாவதி நேரம் போட வசதி இருக்கணும்.

இப்ப மறுபடி கூண்டுக்கு வாங்க. 10 வரைக்கும் சொன்னேன் இல்லையா... 11-ம் நம்பர் எதுக்குத் தெரியுமா? 'வானிலை மையத்தோட தொடர்பு அறுந்துபோச்சு. ஆனா இங்க நிலைமை மோசமாகும்னு உள்ளூர் அதிகாரி நினைக்கிறார்'. அதுக்குத்தான்! சர்வர் டவுன் ஆனா என்ன காட்டணும்னு, சர்வரே இல்லாத காலத்துல யோசிச்சு ஒரு நம்பரை ஒதுக்கி வெச்சிருக்காங்க. இந்த வசதி இருக்கிற சைனேஜ் சாஃப்ட்வேரைத் தேடிப் பிடிங்க பார்ப்போம்!

கரையில இருக்கு ஸ்கிரீன்... கடல்ல இருக்கு ஆளு!

2017 நவம்பர் கடைசியில ஒக்கி புயல் கன்னியாகுமரிக் கடல்ல வேகமா உருவானப்போ, ஆழ்கடலுக்குப் போனவங்க பல நாள் முன்னாடியே கிளம்பியிருந்தாங்க. கரையில கூண்டு ஏத்தினாலும், டி.வி.ல கத்தினாலும் அவங்களுக்கு எப்படித் தெரியும்? செல்போன் டவர் எட்டாது. வயர்லெஸ்ஸும் ஓரளவுக்குத்தான். எத்தனையோ குடும்பங்களுக்கு அப்பாவும் அண்ணனும் திரும்பவே இல்லை. அதுக்கப்புறம் 2019-ல் ஜெமினின்னு ஒரு கருவியை மத்திய அரசு அறிமுகப்படுத்துச்சு. ககன் செயற்கைக்கோள் வழியா எச்சரிக்கை வரும், ப்ளூடூத்ல மீனவரோட மொபைலுக்கு மாறும். போர்டைத் தேடி ஆள் வர முடியாதப்போ, போர்டை ஆள் கையில கொடுத்த மாதிரி.

ஸ்கிரீனே இல்லாமலும் உயிர் காப்பாத்தியிருக்காங்க. புதுச்சேரிப் பக்கம் வீராம்பட்டினத்துல, எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வெச்ச தகவல் மையத்துல, அமெரிக்கக் கடற்படையோட வெப்சைட்ல இருந்து அலை உயரத்தை எடுத்து, ஊருக்குள்ள கட்டின ஒலிபெருக்கியில தமிழ்ல வாசிச்சாங்க. 2004 சுனாமி அன்னிக்கு நல்லவாடு கிராமத்துக்கு, சிங்கப்பூர்ல இருந்த அந்த ஊர் இளைஞர்கிட்ட இருந்து போன் வந்தது. அதே மாதிரி ஒலிபெருக்கியிலதான் ஊரையே எழுப்பி ஓட வெச்சாங்க. கன்டென்ட் ஒரு வரி, ஸ்கிரீன் ஒரு குழாய் ஸ்பீக்கர்!

அந்தக் காலத்து முத்துக்குளிப்பும் இப்படித்தான். எதிர்க்கரையில, இலங்கை அரிப்பு கடற்கரையில, ராத்திரி பீரங்கிச் சத்தம் கேட்டதும் நூத்துக்கணக்கான படகும் ஒண்ணாக் கிளம்புமாம். நம்ம பக்கம் கடைசியா முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல்.

ஃபைனல் இயர் மக்களுக்கு ஒரு ஐடியா. மினி ப்ராஜெக்ட்டுக்கு மறுபடியும் 'லைப்ரரி மேனேஜ்மென்ட் சிஸ்டம்' பண்ணி கைடைத் தூங்க வைக்காதீங்க. காரிடார்ல 'நோ சிக்னல்'னு மிதந்துக்கிட்டு இருக்கிற அந்த டி.வி.யை ஹெச்.ஓ.டி.கிட்ட கேட்டு வாங்குங்க. ஒரு ராஸ்பெர்ரி பை, ஒரு ஸிபோ சர்வர். பஸ் டைமிங், எக்ஸாம் ஹால், மழை எச்சரிக்கை மூணையும் மூணு வெவ்வேறு காலாவதி நேரத்தோட ஓட விடுங்க. வைவா அன்னிக்கு, எக்ஸ்டர்னல் முன்னாடி நெட் கேபிளை நீங்களே பிடுங்குங்க. ஸ்கிரீன்ல என்ன வருதுன்னு அவரும் பார்க்கட்டும்!